செத்தும் தீராத வேலை: ஜாம்பியும் கங்காணியும்

ஹைட்டி நாட்டின் பழைய தண்டனைச் சட்டத்தில் 246 என்றொரு பிரிவு உண்டு. உயிரைப் போக்காமல் ஒருவரை நீண்ட மயக்க நிலையில் ஆழ்த்தும் பொருளை அவருக்குக் கொடுப்பது, நஞ்சூட்டிக் கொல்ல முயன்ற குற்றமாகும் என்கிறது அது. அந்த மயக்கத்தின் விளைவாக அவர் புதைக்கப்பட்டுவிட்டால், குற்றம் கொலை என்றே கொள்ளப்படும். பிரிவில் ஜாம்பி என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒவ்வொரு உழவருக்கும் அது எதைப் பற்றியது என்பது தெரியும். உயிரோடு புதைக்கப்பட்டு, இரவில் தோண்டியெடுக்கப்பட்டு, முகமறியாத ஒருவரின் வயலில் உழைக்க வைக்கப்படுவதைப் பற்றியது.

நாம் திரையரங்கில் அறிந்த ஜாம்பி வேறு. அது கூட்டமாக வரும், மனிதரைக் கடித்துத் தின்னும், கடிபட்டவரும் ஜாம்பியாவார். ஹைட்டி மக்களின் ஜாம்பி எவரையும் கடிப்பதில்லை. அது வேலை செய்கிறது. கரும்பு வெட்டுகிறது, மூட்டை சுமக்கிறது, சொன்னதைக் கேட்கிறது. போக்கோர் எனப்படும் மந்திரவாதி அதன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலை மட்டும் ஏவுகிறான். பேசாது, கூலி கேட்காது, தன் பெயரை நினைவில் வைத்திருக்காது. ஆகவே ஹைட்டியின் கிராமங்களில் ஜாம்பி வந்து தாக்கிவிடும் என்று யாரும் அஞ்சியதில்லை. தான் ஜாம்பி ஆக்கப்பட்டுவிடுவோம் என்பதே அச்சம். இறந்தவரின் குழிமேல் கனத்த கல்லை ஏற்றுவதும், உடல் அழுகும்வரை உறவினர் இரவுக் காவல் இருப்பதும் அந்த அச்சத்தால் வந்த வழக்கங்கள்.

இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. இன்றைய ஹைட்டி 1697 முதல் முறைப்படி பிரான்சின் உடைமையாக, சான் டொமாங் என்ற பெயரில் இருந்தது. புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இருந்தனர். ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ 40 விழுக்காடும் காப்பியில் பாதிக்கும் மேலும் அவர்கள் உழைப்பில் விளைந்தவை. பிறந்தவர்களைக் காட்டிலும் இறந்தவர்கள் மிகுதியாக இருந்ததால், கப்பல்கள் புதிய உடல்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தன. பிரெஞ்சு அரசர் 1685இல் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அடிமையை அசையும் சொத்து என்று வகைப்படுத்தியது. தப்பியோடுபவருக்கு முதன்முறை காதறுத்துச் சூடு வைப்பது, இரண்டாம் முறை கால் நரம்பை வெட்டுவது, மூன்றாம் முறை மரணம் என்று அதே சட்டம் வரிசைப்படுத்தியது.

அந்த மூன்றாவது தண்டனை முதலிரண்டைக் காட்டிலும் கொடியதா என்று கேட்க வேண்டும். கடலுக்கப்பால் பறிகொடுத்த ஆப்பிரிக்காவைக் 'கினே' என்று அழைத்த அடிமைகள், இறந்தபின் உயிர் அங்கே திரும்பிச் செல்லும் என்று நம்பினர். ஆகவே சாவு என்பது விடுதலைக்கான ஒரே உறுதியான வழியாகவும் இருந்தது. தற்கொலைகள் நிகழ்ந்தன. தற்கொலை என்பது முதலாளியின் சொத்து தன்னைத் தானே அழித்துக்கொள்வது. ஜாம்பி என்ற கற்பனையை இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால் அதன் கொடூரம் விளங்கும். சாவு என்ற கடைசிக் கதவையும் அடைத்துவிட்டு, பிணத்தையும் எழுப்பி வயலுக்கு ஓட்டிச் செல்லும் முதலாளி அதில் இருக்கிறார்.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை பெற்றது. அடிமைகள் தாமே போரிட்டு உருவாக்கிய முதல் நாடு அது. ஆனால் 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்தி, தன் தோட்ட முதலாளிகள் இழந்த 'சொத்துக்கு' 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது; அது பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களே தங்கள் விலையைத் தங்களை விற்றவர்களுக்குக் கட்டினார்கள். இறந்துபோன அடிமைமுறையின் கடன், உயிரோடிருந்தவர்களின் தலையில் பல பத்தாண்டுகள் இருந்தது.

ஜாம்பி உலகப் புகழ் பெற்றது அதற்கும் பிறகுதான். 1915இல் அமெரிக்கப் படை ஹைட்டியைக் கைப்பற்றி 1934 வரை ஆண்டது. சாலை போடுவதற்காகக் 'கோர்வே' என்னும் ஊதியமற்ற கட்டாய உழைப்பை அது மீண்டும் கொண்டுவந்தது. எதிர்த்துப் போரிட்ட சார்லமாஞ் பெரால்ட் 1919இல் கொல்லப்பட்டார். இந்த ஆண்டுகளில் அங்கே சென்ற அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சீப்ரூக் 1929இல் வெளியிட்ட 'மாய்த்தீவு' என்ற நூலில் ஒரு கதை வருகிறது. கறுப்பர்களை வியப்புப் பொருளாகப் பார்க்கும் நூல் அது. இருப்பினும் அக்கதை மக்கள் வாயிலிருந்து வந்தது என்பதால் கவனிக்கத்தக்கது.

1918ஆம் ஆண்டு. கரும்பு விளைச்சல் மிகுதி. ஹாஸ்கோ என்ற அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி ஆளுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவித்து ஆள் தேடுகிறது. டி ஜோசப் என்ற ஆள்பிடிக்காரன் கந்தல் உடுத்த, பார்வை நிலைகுத்திய ஒரு கூட்டத்தை வரிசையாக நடத்தி வருகிறான். மலைநாட்டு மக்கள், பட்டணத்து மொழி தெரியாது என்று சொல்லிப் பெயர்ப் பதிவு செய்கிறான். பகலெல்லாம் வெயிலில் அவர்கள் கரும்பு வெட்டுகிறார்கள். வாரக் கடைசியில் கூலியை ஜோசப் வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத கஞ்சி மட்டும். ஜாம்பி உப்பைச் சுவைத்தால் தான் இறந்தவன் என்பது நினைவுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஒருநாள் ஜோசப்பின் மனைவி இரக்கப்பட்டுத் திருவிழாவில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். கடலையில் உப்பு இருந்தது. நாவில் பட்டதும் அவர்கள் ஓலமிட்டு எழுந்து, யார் தடுத்தும் நில்லாமல், மலையிலுள்ள தங்கள் சொந்த ஊர்ச் சுடுகாட்டுக்கு நடந்துபோய்த் தத்தம் குழிகளைக் கையால் பறித்து அங்கே பிணமாய் விழுகிறார்கள்.

தமிழ் வாசகர் இந்தக் கதையில் ஒரு முகத்தை உடனே அடையாளம் கண்டிருப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்று, ஊரிலிருந்து ஆள் சேர்த்து, மலைக்கு நடத்திச் சென்று, அவர்கள் கூலியைத் தன் கையால் வாங்கியவர் நம் வரலாற்றில் இருக்கிறார். அவர் பெயர் கங்காணி. அவருக்கு மந்திரம் தேவைப்படவில்லை. ஒரு கணக்கு நோட்டும் ஒரு சட்டமும் போதுமாயிருந்தன.

அந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, அடிமையை உடைமையாக நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்று 5ஆம் சட்டத்தை இயற்றியது. பதினாறே ஆண்டுகளில், 1859இல், 13ஆம் சட்டம் வந்தது: தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடித்துக் கொடுக்கவோ குற்றவியல் நடுவர் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறையில்லை. உரிமையியல் கடனைச் சிறைக்குரிய குற்றமாக்கிய இந்தச் சட்டம் 1926 வரை நடப்பில் இருந்தது. நீலகிரி, வயநாடு போன்ற தோட்ட வட்டாரங்களுக்கென்று சென்னை மாகாணம் 1903இல் தனியாகவும் ஒன்றை இயற்றிக்கொண்டது. அடிமை என்ற சொல்லை ஏட்டிலிருந்து அடித்துவிட்டு, அடிமையின் உடலை மட்டும் தக்கவைத்துக்கொண்ட ஏற்பாடு இது. உயிரை எடுத்துக்கொண்டு உடலை விட்டுவைக்கும் போக்கோரின் வேலையும் இதுதான்.

இலங்கைத் தோட்டங்களில் இது இன்னும் நுட்பமாக நடந்தது. 'துண்டு' என்றொரு சீட்டு. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுபவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. மனிதரை விற்பதாக அதில் எங்கும் எழுதியிருக்காது. கடன் கைமாறும், ஆள் அதனோடு போவார். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுச் சரிவில் போடிநாயக்கனூர் இந்த வரலாற்றின் ஒரு வாசல். மூணாறுப் பகுதியின் கண்ணன்தேவன் மலைகளில் விளைந்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்கு வந்தது. தேயிலை இறங்கிய சரிவில் ஆட்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். ஊரில் பண்ணையாருக்கு முன் நின்ற அதே வரிசை மலையில் லயத்துக்கு இடம்பெயர்ந்தது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலைப் படித்தவர்களுக்கு ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாள் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் உழைத்தவர் அன்றும் கடன்காரராகவே நிற்பார். காய்ச்சலில் கணவர் இறந்தால் அவர் பற்று மனைவி பேரில் ஏறும்.

செத்தவரின் கடன் செத்துப்போகாது என்பதை நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை (ஒழிப்பு) சட்டம், பிரிவு 2(ஜி)யில் கொத்தடிமை முறைக்கு இலக்கணம் சொல்லும்போது, தான் பெற்ற முன்பணத்துக்காக உழைப்பவரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தம் முன்னோர் பெற்ற முன்பணத்துக்காக, வாரிசுரிமையாக வந்த கடப்பாட்டுக்காக, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்துக்காக உழைக்க வைக்கப்படுபவரையும் அது சேர்க்கிறது. இந்த வரிகளைப் படிக்கும் மாணவர்கள் கவனிக்க: முன்பணத்துக்கு ஆவணம் இருக்க வேண்டியதில்லை என்று அதே பிரிவு சொல்கிறது, கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவருடையது என்கிறது பிரிவு 15. மீட்புக்குப் போகும் இடங்களில் அதிகாரிகள் முதலில் கேட்பது தொழிலாளியிடம் 'ஆதாரம் இருக்கிறதா' என்றுதான்.

இன்று ராசிங்காபுரம் போன்ற போடிச் சுற்றூர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் கொத்தடிமைகள் அல்லர். மாலையில் வீடு திரும்புகிறார்கள். கூலி அவர்கள் கைக்கு வருகிறது. இதை ஜாம்பி என்றோ அடிமைமுறை என்றோ எழுதுவது அவர்கள் போராடிப் பெற்றதை மறைப்பதாகும். 2015இல் மூணாறில் ஆண் தலைமைகளை ஒதுக்கிவிட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்று தெருவில் அமர்ந்து நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண்களே. மாறாதது ஒன்றுண்டு: சரிவுக்கு மேலே நிலம் யாருக்கு, கீழேயிருந்து ஏறும் உடல் யாருடையது என்ற பங்கீடு.

திரைப்படத்துக்கு வருவோம். 1932இல் விக்டர் ஹால்பரின் இயக்கிய 'வெள்ளை ஜாம்பி'தான் இவ்வகையில் முதல் முழுநீளப் படமாகக் கருதப்படுகிறது. அதில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி: ஜாம்பிகள் செக்கைச் சுற்றி வருகிறார்கள், ஒருவர் தவறி அரவைக்குள் விழுகிறார், மற்றவர்கள் நிற்கவில்லை. தொண்ணூறு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் உறையவைக்கும் காட்சி. ஆனால் படத்தின் அக்கறை அவர்கள் மேல் இல்லை. வெள்ளைக்கார மணப்பெண் ஒருத்தி ஜாம்பி ஆக்கப்பட்டதுதான் அதற்குப் பெருங்கொடுமை. தலைப்பே அதைச் சொல்கிறது. கறுப்பர் ஜாம்பியாக இருப்பது காட்சியின் பின்னணி.

1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தபோது ஹைட்டி முழுமையாக மறைந்துவிட்டது. மந்திரவாதியும் இல்லை, தோட்டமும் இல்லை. பிணங்கள் தாமாக எழுந்து மனிதரைத் தின்றன. படத்தில் ஜாம்பி என்ற சொல்கூட வராது. எனினும் ரொமேரோ அறிந்தோ அறியாமலோ ஒன்றைச் செய்தார். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரை நாயகனாக்கினார். இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பிய அந்த மனிதன், விடிந்ததும் வெள்ளையரின் துப்பாக்கிக் கும்பலால், பிணமென்று எண்ணப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டு.

அதற்குப்பின் வந்த நூற்றுக்கணக்கான படங்களில் நிகழ்ந்த தலைகீழ் மாற்றம்தான் நாம் பேச வேண்டியது. அடிமையின் அச்சமாகப் பிறந்த கதை, ஆண்டையின் அச்சமாகிவிட்டது. எண்ணிக்கையில் பெருத்த, பசித்த, முகமற்ற கூட்டம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் அது. ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) போன்ற சில படங்களே மறுபக்கம் நின்றன. தன் உடலுக்குள் தானே கைதியாகி, அதை வெள்ளையர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கறுப்பு இளைஞனின் கதையில் ஜாம்பி என்ற பெயர் இல்லை. பொருள் முழுவதும் இருக்கிறது.

தமிழில் 2016இல் 'மிருதன்', 2019இல் 'ஜாம்பி'. முன்னதன் கதை உதகையில் தொடங்குகிறது. தோட்டக்கூலியின் வரலாறு படிந்த நீலகிரி மலையிலிருந்தே தமிழ் ஜாம்பி எழுந்தது என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு! படத்துக்கு வேண்டியிருந்தது இரசாயனக் கழிவும் போக்குவரத்துக் காவலரும் காதலும். 'எரியும் பனிக்காடு' நாவலைத் தழுவிய 'பரதேசி' (2013) கங்காணியையும் ஆண்டிறுதிக் கணக்கையும் மறக்க முடியாதபடி காட்டியது. ஆனால் சாதியை மங்கலாக்கி, நாவலில் தொழிலாளர் பக்கம் நின்ற மருத்துவரை மதமாற்றக் கேலிக்கூத்தாக்கியது. என் பார்வையில் அந்த நடனக் காட்சி டேனியலுக்கு இழைத்த அநீதி.

நம் மரபில் ஜாம்பிக்கு இணை உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நேர் இணை இல்லை. ஹைட்டியின் ஜாம்பி உயிரற்ற உடல். நம் பேய் உடலற்ற உயிர். அகாலத்தில் செத்தவர், கொல்லப்பட்டவர் பேயாவார். கேட்டதைக் கொடுக்காவிட்டால் போகமாட்டார். கொலையுண்டவர் ஒடுக்கப்பட்டவரானால் சில வேளை தெய்வமாகவும் ஆகிவிடுவார். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதை சொல்லும் மதுரைவீரனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே சன்னதி இருக்கிறது. கொன்றவர்களின் ஊரும் அவரை வணங்குகிறது. 'கர்ணன்' படத்தில் பேருந்து நில்லாததால் சாலையில் உயிர்விட்ட சிறுமி காட்டுப்பேச்சியாக முகமூடியணிந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இந்த மரபில் வந்ததே. அவள் யாரையும் பயமுறுத்துவதில்லை, மறக்க விடுவதில்லை.

ஆண்டையின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதையும் நம்மிடம் உண்டு. பேயை வேலைக்கு வைத்த ஒருவர், ஓயாமல் வேலை கொடுக்காவிட்டால் உன்னையே தின்றுவிடுவேன் என்று அது மிரட்ட, கடைசியில் ஒரு கம்பத்தை நட்டு அதில் ஏறி இறங்கிக்கொண்டே இரு என்று சொல்லித் தப்பிய கதை. புத்திசாலித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். ஓய்ந்திருக்கும் உழைப்பாளியைக் கண்டு முதலாளி நடுங்குவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன கதை வேறில்லை.

உப்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது நம் பழமொழி. இங்கே உப்பு, உழைப்பவரைச் சோறிட்டவரிடம் கட்டிப்போடும் கயிறு. ஹைட்டியில் உப்பு அந்தக் கயிற்றை அறுக்கும். ஹைட்டி எழுத்தாளர் ஃபிராங்கெட்டியன் 1975இல், துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரக் காலத்தில், மக்கள் மொழியான கிரெயோலில் 'டெசாஃபி' என்ற நாவலை எழுதினார். அதில் முதலாளியின் மகளே ஒரு ஜாம்பிக்கு உப்பு கொடுக்கிறாள். விழித்தவன் மற்றவர்களுக்கும் கொடுக்கிறான். சீப்ரூக்கின் கதையில் உப்பைச் சுவைத்தவர்கள் சுடுகாட்டுக்குத் திரும்பினார்கள். ஃபிராங்கெட்டியனின் நாவலில் முதலாளியின் மேல் பாய்கிறார்கள்.

சுடுகாட்டுக்குத் திரும்புதல் என்பதும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்கள் மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் தேயிலை நட்ட கம்பெனி, குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே 2024இல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியது. இதே தோட்டத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்துக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றவர்கள் மீது காவல்துறை பாய, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. தொழிலாளர் இப்போது கீழே இறங்க வேண்டும் என்கிறார்கள். எந்த ஊருக்கு? நான்கு தலைமுறைக்கு முன் கங்காணி அழைத்து வந்த ஊரில் அவர்களுக்கு வீடுமில்லை, சுடுகாட்டில் இடமுமில்லை.

வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றன. இங்கே 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. பழங்குடியல்லாத பிற மரபுவழி வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வசித்து அதைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் உரிமை கோரலாம். தோட்டத்தின் தொடக்கத்திலேயே மலையேறிய குடும்பங்களுக்கு ஆண்டுக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வருகிறது. கூலி பெற்றவர் காட்டைச் சார்ந்தவராவாரா என்பதில் எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் வலுவானதுதான். வசித்ததற்கான சான்று வேறு செய்தி. லயம் கம்பெனியின் பேரில் இருக்கிறது, நிலம் அரசின் பேரில். ஆனால் அச்சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆவது விதி, பழைமையை நிறுவும் சான்றுகளாக ஏற்கத்தக்கவற்றுள் கிணறுகளையும் வழிபாட்டிடங்களையும் சொல்லும்போது அவற்றோடு புதைகாடுகளையும் சேர்த்திருக்கிறது.